சின்ன வீட்டு ராஜாக்கள்: ஸ்பெயினில் ஆறு நாள்

மே 28, புதன் – செவில்

சாயங்காலம் ஆறரை மணிக்கு விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தோம். 38 டிகிரி. ஸ்டுட்கார்ட்டில் காலையில் மழை பெய்துகொண்டிருந்ததால் அக்காவை ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். "இதை இப்ப எங்க போட்டுக்கறது?" என்று பஸ் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். அதற்கு மாயவரத்திலேயே இருந்திருக்கலாமாம்.

அக்கா வங்கியில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு மாதம் என்னோடு தங்க வந்திருக்கிறாள். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. இந்தப் பயணம் யாரைப் பற்றியது என்று விமானத்தில்தான் அவளிடம் சொன்னேன். லியோனோர் தே குஸ்மான், 14ஆம் நூற்றாண்டுக்காரி, இதே செவில் ஊரில் 1310 வாக்கில் பிறந்தவள். சின்ன வயதிலேயே விதவை. காஸ்டீல் என்ற பழைய ஸ்பானிஷ் ராஜ்யத்தின் ராஜா 11ஆம் அல்ஃபோன்சோ அவளைப் பார்த்தார். அப்புறம் சாகும்வரை, சுமார் இருபது வருஷம், அவளோடுதான் வாழ்ந்தார். பத்துப் பிள்ளைகள்.

"கல்யாணம்?"

"அவருக்கு 1328லயே ஆயிடுச்சு. போர்ச்சுகல் இளவரசி மரியா."

"அப்ப இவ சின்ன வீடு."

"ஆமா. ஆனா அந்த சின்ன வீட்டுப் பிள்ளைங்கதான் அப்புறம் ராஜாவானாங்க. அந்தப் பரம்பரையிலதான் கொலம்பஸை அனுப்பிச்ச இசபெல் ராணி வர்றா."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இதுக்கா ஆறு நாள் லீவு போட்ட?"

விடுதி பழைய நகரத்தில், இரண்டு பேர் கைகோத்து நடக்க முடியாத சந்து ஒன்றில் இருக்கிறது. பெட்டியை வைத்துவிட்டு ஒன்பது மணிக்குச் சாப்பிடப் போனால் கடையில் நாங்கள்தான் முதல் ஆள். ஸ்பெயினில் இரவுச் சாப்பாடு பத்துக்குத்தான் சூடு பிடிக்கும். பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்து, சீரகமும் பூண்டும் போட்டு ஒரு பதார்த்தம் வைத்தார்கள், 4 யூரோ. அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "நம்ம கீரைக் கூட்டுதான், தேங்காய் இல்ல" என்றாள். இரண்டாவது தட்டும் வாங்கினோம்.

திரும்பும்போது வழி தப்பி, ஒரு சுவரில் கம்பிக்குப் பின்னால் கிரீடம் வைத்த தலை ஒன்றைப் பார்த்தோம். நாய்க்குட்டியோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று, நாங்கள் கேட்காமலே கதை சொன்னார். பாதி ஸ்பானிஷ், பாதி சைகை. பெத்ரோ ராஜா ராத்திரியில் மாறுவேஷத்தில் சுற்றும்போது வாள்சண்டையில் ஒருவனைக் கொன்றுவிட்டாராம். விளக்கோடு ஜன்னலில் எட்டிப் பார்த்த கிழவிக்கு முகம் தெரியவில்லை. ஆனால் நடக்கும்போது ராஜாவுக்கு முழங்கால் மூட்டு 'சடக் சடக்' என்று சத்தம் போடும். பெரியவர் தன் காலை மடக்கிக் காட்டினார், நிஜமாகவே சடக் என்றது. கொன்றவன் தலையை அதே இடத்தில் வைப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்த பெத்ரோ, தன் தலையைக் கல்லில் செய்து வைத்துவிட்டாராம். தெருப் பெயரே 'பெத்ரோ ராஜாவின் தலை'.

"மனுநீதிச் சோழன் பாவம், பொம்மை செய்யலாம்னு தோணலையே அவருக்கு" என்றாள் அக்கா. இந்த பெத்ரோதான் மரியா ராணியின் மகன். பெரிய வீட்டுப் பிள்ளை.

மே 29, வியாழன் – செவில்

காலை ஒன்பதரைக்கே அல்காசர் அரண்மனை வாசலில் நின்றோம். டிக்கெட் ஆளுக்கு 15 யூரோ சொச்சம். அக்கா அதை ரூபாயாக்கி வாய்விட்டுச் சொன்னாள். இனிமேல் மாற்றிப் பார்க்கக் கூடாது என்று அங்கேயே ஒப்பந்தம் போட்டோம். மத்தியானத்துக்குள் அவளே அதை மூன்று முறை மீறினாள்.

உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் ஒரு சதுர மண்டபம். நீதி மண்டபம் என்கிறார்கள். மேலே மரக்கூரை, சுற்றிச் சுதை வேலை, நடுவில் தரையோடு பதித்த சின்ன நீர்த்தொட்டி. அதிலிருந்து ஒரு விரல்கடை வாய்க்கால் ஓடி அடுத்த முற்றத்துக் குளத்தில் விழுகிறது. 11ஆம் அல்ஃபோன்சோ கட்டியது. கூட்டம் முழுக்கப் பெரிய அரண்மனையைப் பார்க்க ஓடிவிட்டதால் பத்து நிமிஷம் எங்களுக்கே எங்களுக்கு என்று கிடைத்தது. வெளியே வெயில் கொளுத்த, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கே உடம்பு குளிர்ந்தது. லியோனோர் இங்கே உட்கார்ந்திருப்பாள் என்றேன். "மரியாவும்தான் உட்கார்ந்திருப்பா" என்றாள் அக்கா.

சரி, சண்டையை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். 1334 ஜனவரியில் லியோனோருக்கு இரட்டைப் பிள்ளைகள், என்ரிகேயும் ஃபத்ரிகேயும். அதே வருஷம் ஆகஸ்டில் மரியாவுக்கு பெத்ரோ. ராஜா மகனை ராணியிடமே விட்டுவிட்டு, லியோனோர் பிள்ளைகளுக்குச் சீமை சீமையாக எழுதி வைத்தார். ஃபத்ரிகே சின்னப் பையனாக இருக்கும்போதே சான்டியாகோ வீரர் சபைக்குத் தலைவன். என்ரிகேக்கு திராஸ்தமாரா பட்டம். வடமேற்கே தாம்ப்ரே ஆற்றுக்கு அப்பாலுள்ள நாடு என்று அர்த்தம். பின்னால் வம்சத்துக்கே அந்தப் பெயர்தான் நின்றது. ஊரார் காரியம் ஆக வேண்டும் என்றால் ராணியிடம் போகவில்லை, லியோனோரிடம் போனார்கள்.

1350 மார்ச்சில் ஜிப்ரால்டரை முற்றுகை போட்டிருந்த பாசறையிலேயே ராஜா கொள்ளைநோயில் செத்துப் போனார். ஐரோப்பா முழுக்கப் பரவிய அந்தப் பெருநோய்தான். பெத்ரோவுக்கு அப்போது 15 வயது. லியோனோர் இதே அல்காசரில் சிறை வைக்கப்பட்டாள். ஆனால் அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. என்ரிகேக்கு ஏற்கெனவே பேசி வைத்திருந்த பெண் ஹுவானா மனுவேல், முறையான ராஜ ரத்தம். சம்பந்தத்தைக் கலைத்துப் பெண்ணை வேறு இடத்தில் கொடுக்க அரண்மனையில் யோசனை நடப்பது தெரிந்ததும், சிறை வைத்த அறையிலேயே ரகசியமாக இரண்டு பேரையும் சேர்த்து வைத்துவிட்டாள். விடிந்தபோது யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கொதித்துப் போனவர்கள் லியோனோரைக் கார்மோனாவுக்கு மாற்றினார்கள்.

இதைச் சொன்னதும் அக்காவே சிரித்துவிட்டாள். "கெட்டிக்காரிதான். அதை மறுக்கல."

பிறகு பெத்ரோ கட்டிய அரண்மனைக்குள் போனோம். முகப்பிலுள்ள எழுத்தின் கணக்கு 1364க்கு வருகிறது. கிறிஸ்தவ ராஜா, ஆனால் சுவரில் அரபு எழுத்தில் 'சுல்தான் பெத்ரோ' என்று புகழ் பாடுகிறது. கிரனாடாவிலிருந்தும் டொலிடோவிலிருந்தும் வந்த ஆசாரிகள் செய்தது. ஓடுகளின் நட்சத்திரக் கோலத்தை அக்கா போனில் எடுத்து, நம்மூர்ப் புள்ளிக்கோலம் மாதிரி எத்தனை புள்ளி என்று எண்ண ஆரம்பித்துவிட்டாள். அவள் எண்ணி முடிப்பதற்குள் பின்னால் வந்த ஒரு சுற்றுலாக் கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய் அடுத்த அறையில் விட்டது.

அங்கே அவர்களுடைய வழிகாட்டி தரைப் பளிங்கில் செம்மண் நிறத்தில் ஓடும் கறையைக் காட்டி ஃபத்ரிகேயின் ரத்தம் என்றார். பளிங்கின் இயல்பான ரேகைதான். ஆனால் கொலை உண்மை. லோபெஸ் தே அயாலா எழுதிவைத்த அரச வரலாற்றில் அது நிமிஷம் நிமிஷமாக இருக்கிறது. தம்பி ராஜா கூப்பிட்டார் என்று ஃபத்ரிகே வருகிறான். முதலில் பெத்ரோவின் ஆசைநாயகி மரியா தே பதில்யாவைப் பார்க்கப் போகிறான். ஆம், பெரிய வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு சின்ன வீடு. அவளுக்கு விஷயம் தெரியும். வாய் திறந்து சொல்ல முடியாமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறாள், அவனுக்குப் புரியவில்லை. வெளியே முற்றத்தில் அவனுடைய கோவேறு கழுதைகளை அதற்குள் அப்புறப்படுத்தி, கதவுகளை மூடிவிட்டார்கள். தண்டாயுதக்காரர்கள் பாய்ந்ததும் வாளை உருவப் பார்க்கிறான். வாளின் பிடி இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டது, வரவில்லை. முற்றத்தில் இங்கும் அங்கும் ஓடுகிறான். அடித்து வீழ்த்தினார்கள். அவன் கிடந்த இடத்திலேயே பெத்ரோ உட்கார்ந்து சாப்பிட்டாராம்.

அயாலா முதலில் பெத்ரோவிடம் வேலை பார்த்து, அப்புறம் என்ரிகே பக்கம் தாவியவர். ஜெயித்தவர் வீட்டில் உட்கார்ந்து எழுதியதால் சாப்பாட்டுக் கதையைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் கேட்க வேண்டும். அந்த வாளும் வாரும் மட்டும் புனைந்து சொன்னது மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் விடுதிக்கு வந்து தேதியைத் தேடினேன். ஃபத்ரிகே கொல்லப்பட்டது 1358 மே 29. இன்று மே 29. இதை அக்காவிடம் சொன்னால் ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டாள், சொல்லவில்லை.

மே 30, வெள்ளி – செவில், கோர்டோபா

கதீட்ரலில் பெரிய கூட்டம். இன்று புனித ஃபெர்னாந்தோ நாள். 1248இல் செவிலைப் பிடித்த ராஜா. அவர் உடலை வைத்த வெள்ளிப் பேழையை இன்று திறந்து காட்டுவார்கள் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. வரிசையில் முன்னால் நின்ற பாட்டி அக்காவின் பட்டுப்புடவையைத் தொட்டுப் பார்த்து, கன்னத்தைத் தட்டி, தனக்கு முன்னால் போகச் சொன்னாள். கிரீடம் வைத்த கறுத்த சின்ன உருவம் கண்ணாடிக்குப் பின்னால் கிடந்தது. எல்லாரும் சிலுவை போட்டார்கள். அக்கா பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்தச் சந்நிதிக்குக் கீழே ஒரு நிலவறை. இன்று எங்களை விடவில்லை. அங்கே பெத்ரோவின் எலும்புகள் இருக்கின்றன. பல ஊர் சுற்றி 1877இல்தான் இங்கே வந்தார். பக்கத்தில் மரியா தே பதில்யா. அதே அறையில் ஃபத்ரிகேயும். கொன்றவரும் செத்தவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள்.

"மரியா ராணி?" என்று கேட்டாள் அக்கா. அந்த அறையில் இல்லை. அவள் போர்ச்சுகலுக்கே போய் அங்கே செத்தாள். அக்கா 'பார்த்தாயா' என்பது போல் என்னைப் பார்த்தாள்.

ரயிலுக்கு நேரமிருந்தது. சான்டா இனெஸ் மடத்துக்குப் பலகாரம் வாங்கப் போனோம். பெத்ரோ துரத்தித் துரத்தி வந்ததால் கொதிக்கிற எண்ணெயை முகத்தில் ஊற்றிக்கொண்டாள் என்று கதை வழங்கும் மரியா கொரோனெல் கட்டிய மடம். உள்ளே சுவரில் மரத்தாலான சுழலும் பெட்டி. மணியை அடித்தால் அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வரும். "மாசற்ற மரியே வாழ்க" என்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டுமென்று தெரியாமல் நான் "ஓலா" என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் மெல்லிய சிரிப்பு. பணத்தை வைத்துச் சுழற்றினால் எள்ளு வாசனையோடு பன் மாதிரி ஒரு பொட்டலமும் மீதிச் சில்லறையும் வந்தன. சில்லறையை எண்ணிப் பார்த்த அக்கா, "பத்து சென்ட் ஜாஸ்தி கொடுத்திருக்கா" என்று திரும்பவும் மணியடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

ரயிலில் முக்கால் மணி நேரம்தான் கோர்டோபா. ராத்திரி 'வெஜிடல்' என்று எழுதியிருந்த சாண்ட்விச்சை வாங்கினோம். கடித்ததும் உள்ளே சூரை மீன். இங்கே காய்கறி சாண்ட்விச் என்றால் மீனும் முட்டையும் சேர்ந்ததுதானாம். அக்கா வாயைக் கொப்பளித்துவிட்டு மடத்துப் பன்னைச் சாப்பிட்டுப் படுத்தாள். என்னோடு பேசவில்லை.

மே 31, சனி – கோர்டோபா, சியுதாத் ரியல்

மசூதியாக இருந்து கதீட்ரலான கோர்டோபாவின் பெரிய கட்டடத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடிக்க முடியாது. தூண்கள், தூண்கள், தூண்கள். நான் தேடிப் போனது ஓரத்தில் உள்ள ராஜ சந்நிதி. உள்ளே போக முடியவில்லை. பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தால் சுதை வேலைப்பாட்டின் மேல்பாதி தெரிகிறது. என்ரிகே ஜெயித்து ராஜாவான பிறகு 1371இல் முடித்து, அப்பாவையும் தாத்தாவையும் இங்கே கொண்டுவந்து வைத்தார். 1736இல் மறுபடி தூக்கி சான் இப்போலிதோ கோயிலில் வைத்தார்கள். நடந்து அங்கேயும் போனோம். பூசை முடிந்து கதவைச் சாத்த வந்த பணியாள் எங்களுக்காக ஐந்து நிமிஷம் கொடுத்தார். பீடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சிவப்புப் பளிங்குப் பெட்டி, அந்தப் பக்கம் ஒன்று. ஒன்றில் அல்ஃபோன்சோ, லியோனோரின் ஆள்.

"அப்பாவைத் தூக்கிட்டு வந்தான். அம்மாவை?" என்றாள் அக்கா. நேற்றுவரை லியோனோர் பெயரைக்கூடச் சொல்லாதவள். இந்த நாலு நாளில் அவள் பெயர் எழுதிய கல் ஒன்றையும் நாங்கள் பார்க்கவில்லை.

மத்தியானம் ரயிலேறி சியுதாத் ரியல். அங்கே காரை எடுத்து 100 கிலோமீட்டர் ஓட்டி மோன்டியல் போவதுதான் திட்டம். பயணத்தின் உச்சமே அதுதான். கார் வாடகைக் கடைக்குப் போனால் ஷட்டர் போட்டிருக்கிறது. பதிவு செய்த தாளில் மாலை ஐந்து மணி என்று தெளிவாக இருக்கிறது. போன் அடித்தால் இசை. பக்கத்து பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த பையன்தான் சொன்னான்: இன்று கஸ்தீயா லா மஞ்சா மாகாண தினம். எல்லாம் லீவு. நாளை ஞாயிறு. திங்கள்தான். டாக்ஸிக்காரர் ஒருவர் போய்வரச் சொன்ன தொகைக்கு அக்கா தமிழில் பதில் சொன்னாள். அது அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

கட்டிய பணம் திரும்பி வராதாம், இதை எழுதும்போதுதான் குறுஞ்செய்தி வந்தது.

ஆக, மோன்டியல் இல்லை. பெரிய சதுக்கத்தில் போய் உட்கார்ந்தோம். நடுவில் இந்த ஊரை 1255இல் நிறுவிய 10ஆம் அல்ஃபோன்சோவின் சிலை. நம் அல்ஃபோன்சோவுக்குக் கொள்ளுத்தாத்தா. விடுமுறைக்காக ஊரே குடும்பம் குடும்பமாக வெளியே இருந்தது. ஒரு எலுமிச்சை பானம் சொன்னால் கூடவே ஒரு சின்னத் தட்டும் இலவசமாக வந்தது. கத்திரிக்காய், குடமிளகாய், தக்காளி எல்லாம் எண்ணெயில் வதக்கியது, பிஸ்தோ என்று பெயர். தொக்கேதான். காரம் மட்டும் இல்லை. நான் பையிலிருந்த ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரித்ததும் அக்கா என்னை மன்னித்தாள்.

போக முடியாத மோன்டியலை அங்கேயே உட்கார்ந்து சொன்னேன். 1369 மார்ச். ராஜ்யத்துக்காக அண்ணன் என்ரிகேயோடு நடந்த போரில் தோற்ற பெத்ரோ மலைக்கோட்டையில் அடைபட்டுக் கிடக்கிறார், தண்ணீர் இல்லை. என்ரிகேயின் கூலிப்படைத் தலைவன் பெர்ட்ரான் து கெக்லான் என்ற பிரெஞ்சுக்காரனிடம் ஆள் அனுப்பி, ஊர்களும் 200,000 பொற்காசும் தருகிறேன், தப்பவிடு என்கிறார். அவன் போய் என்ரிகேயிடமே சொல்லிவிட்டான். 23ஆம் தேதி ராத்திரி பெத்ரோ அவனுடைய கூடாரத்துக்கு வர, என்ரிகே உள்ளே நுழைகிறார். எத்தனையோ வருஷமாகப் பார்க்காததால் தம்பியை அடையாளம் தெரியவில்லை. "இதோ உன் எதிரி" என்று யாரோ காட்டியபோதும் சந்தேகம். அதற்கு பெத்ரோவே, "நான்தான், நான்தான்" என்கிறார். கட்டிப் புரண்டார்கள். கத்தி என்ரிகே கையில் இருந்தது. பெத்ரோ மேலே இருக்கும்போது பிரெஞ்சுக்காரன் காலைப் பிடித்துப் புரட்டி, "நான் ராஜாவை இறக்கவுமில்லை, ஏற்றவுமில்லை. என் எஜமானுக்கு உதவுகிறேன்" என்றானாம். இந்தக் கடைசி வரி ஊர்க்கதை.

"ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு" என்றாள் அக்கா. "அண்ணனுக்கு 35, தம்பிக்கு 34." கணக்குப் போட்டுவிட்டாள்.

அப்புறம், நான் கேட்காமலே, தாத்தாவைப் பற்றிப் பேசினாள். எங்கள் தாத்தாவுக்குக் கும்பகோணத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது. எனக்குச் செவிவழிச் செய்திதான், அக்கா பார்த்திருக்கிறாள். தாத்தா செத்த அன்று அங்கிருந்து இரண்டு பையன்கள் வாசலுக்கு வந்தார்களாம். பாட்டி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "எனக்கு அப்ப எட்டு வயசு. தாழ்ப்பாள் போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. நான் பாட்டி கட்சிதான், சொல்லிட்டேன்."

ஜூன் 1, ஞாயிறு – டொலிடோ

கதீட்ரல் ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் சுற்றுலாக்காரர்களுக்குத் திறக்கும். அதுவரை ஏற்றமும் இறக்கமுமான கல் தெருக்களில் அக்காவின் முழங்கால் பெத்ரோ ராஜாவின் முழங்கால் ஆகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு இடி இடித்து மழை கொட்டியது. மர்சிபான் கடை ஒன்றில் ஒதுங்கினோம். வாங்காமல் நின்ற எங்களுக்குக் கடைக்காரம்மா நாற்காலி போட்டு, ஆளுக்கொரு துண்டு கையில் கொடுத்தார். பாதாம் அல்வாவை இறுக்கிப் பிடித்த மாதிரி. வெட்கப்பட்டு 9 யூரோவுக்கு ஒரு பெட்டி வாங்கினோம்.

'புதிய ராஜாக்கள் சந்நிதி' என்று ஒரு தனி அறை. புதிய ராஜாக்கள் என்றால் லியோனோரின் பிள்ளை வம்சம். இப்போதுள்ள கட்டடம் 1530களில் அலோன்சோ தே கோவார்ரூபியாஸ் கட்டியது. ஒரு மாடத்தில் என்ரிகே படுத்திருக்கிறார். அடுத்தது அவர் மனைவி ஹுவானா மனுவேல், சிறையறையில் ரகசியமாக மணவாழ்க்கையைத் தொடங்கிய அதே பெண். எதிர்ப்பக்கம் பேரன் மூன்றாம் என்ரிகேயும் அவர் மனைவி கத்தலீனாவும்.

இந்தக் கத்தலீனாவிடம்தான் நான் நின்றுவிட்டேன். பெத்ரோவுக்கும் மரியா தே பதில்யாவுக்கும் பிறந்த கொன்ஸ்தான்சாவை இங்கிலாந்து இளவரசர் ஜான் ஆஃப் காண்ட் கட்டிக்கொண்டு, காஸ்டீல் எனக்குத்தான் என்று படையோடு வந்தார். முடியவில்லை. கடைசியில் 1388இல் சமாதானம் பேசி, தங்கள் மகள் கத்தலீனாவை என்ரிகேயின் பேரனுக்கே கொடுத்தார்கள். அதாவது தன் தாத்தாவைக் கத்தியால் குத்தியவரோடு ஒரே சந்நிதியில், எதிரெதிர் மாடத்தில் படுத்திருக்கிறாள். இரண்டு சின்ன வீடுகளின் சம்பந்தம் அது. அவர்களுடைய பேத்திதான் இசபெல்.

இசபெல் கட்டிக்கொண்ட அரகான் ராஜா ஃபெர்னாந்தோவும் அதே வம்சம். இன்னொன்றும் உண்டு: ஃபெர்னாந்தோவின் அம்மா, அல்காசரில் வாளை உருவ முடியாமல் செத்தானே அந்த ஃபத்ரிகேயின் கொள்ளுப்பேத்தி. லியோனோரின் ரத்தம் எந்தப் பக்கம் திரும்பினாலும் வந்து நிற்கிறது.

நான் உற்சாகத்தில் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. காவலர் விரலை உதட்டில் வைத்தார். "உனக்கு வம்சாவளி எழுதுற ஜோசியர் வேலைதான் சரி" என்றாள் அக்கா. ராத்திரிச் சாப்பாடு மறுபடியும் பிஸ்தோ, 11 யூரோ. நேற்று இலவசம்.

ஜூன் 2, திங்கள் – தலவேரா தெ லா ரெய்னா

டொலிடோவிலிருந்து பஸ். ஊர் பெயருக்கு 'ராணியின் தலவேரா' என்று அர்த்தம். அல்ஃபோன்சோ தன் மனைவி மரியாவுக்குக் கொடுத்த ஊர். 1351இல் லியோனோரை இங்கே கொண்டுவந்து, கோட்டைக்குள் வைத்து, மரியாவின் உத்தரவுப்படி கொன்றார்கள்.

வரும் வழியில் யெரேனா என்ற ஊரில் கடைசியாக ஒரு முறை அவளைப் பார்க்க மகன் ஃபத்ரிகேக்கு அனுமதி கிடைத்தது. அப்போது அவனுக்குப் பதினேழு வயது. பஸ்ஸில் அக்காவுக்கு அதைச் சொன்னேன். அவள் அவனைப் பிடித்து முத்தமிட்டு அணைத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் அவள் அழுதாள், அவனும் அழுதான். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நேரமாயிற்று என்று அவனை அழைத்துப் போனார்கள். இவ்வளவுதான் அயாலா எழுதியிருக்கிறார். இருபது வருஷம் பேச்சாலேயே நாட்டை நடத்தியவள், ஒரு மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அக்கா ஊர் வரும்வரை வாயே திறக்கவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன், இல்லை.

கோட்டை என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. தாஹோ ஆற்றோரம் பழைய மதில், துருத்திக்கொண்டு நிற்கும் உயரமான காவல் கோபுரங்கள், இடையே இடிந்த சுவர்த் துண்டுகள். நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. ஒரு பையன் மதிலில் பந்தை அடித்து அடித்துத் தனியாக விளையாடிக்கொண்டிருந்தான். பந்து அக்காவின் காலடிக்கு உருண்டு வந்தது. உதைத்துத் திருப்பி அனுப்பினாள். முழங்கால் வலி எங்கே போயிற்று என்று கேட்கவில்லை.

மற்றபடி ஊர் பீங்கான் ஊர். நீலமும் மஞ்சளுமான ஓடுகள், தட்டுகள், பூஞ்சட்டிகள். பிராதோ மாதா கோயிலின் சுவரெல்லாம் ஓட்டுச் சித்திரம். இங்கேயுள்ள பீங்கான் தொழில் 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியிருக்கிறது. ஒரு கடையில் அக்கா ஊறுகாய்க்கு ஆகும் என்று 18 யூரோவுக்கு ஒரு மூடி போட்ட சாடி எடுத்தாள். அவள் பேரம் பேச, கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுக்க, கடைசியில் ஒரு சின்ன ஓடு இலவசமாகக் கிடைத்தது.

பில் போடும்போது போனில் மொழிபெயர்த்து அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: லியோனோருக்கு இந்த ஊரில் சிலை ஏதாவது உண்டா? "லியோனோர்!" என்று முகம் மலர்ந்து, கவுன்டருக்கு அடியிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையை எடுத்துக் காட்டினாள். அட்டையில் வெள்ளைக் கடற்படைச் சீருடையில் ஒரு இளம்பெண். ஸ்பெயினின் பட்டத்து இளவரசி, அஸ்தூரியாஸ் இளவரசி லியோனோர். 1388 சமாதானத்தில் மூன்றாம் என்ரிகேக்கும் கத்தலீனாவுக்கும் முதன்முதலாகக் கொடுத்த பட்டம்தான் அது. இந்தப் பெண்ணும் அந்த வம்சாவளியில் வருகிறவள்தான். நான் அந்த லியோனோர் இல்லை, பழைய லியோனோர், ராஜாவின்... என்று தட்டச்சு செய்து, அந்தச் சொல்லுக்கு என்ன போடுவது என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன். அவள் காத்திருந்தாள். "பரவாயில்லை, நன்றி" என்று காட்டினேன்.

பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. நிலையத்தில் காபி, 1.40 யூரோ. அக்கா சாடியைச் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்து, விரிசல் இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"கும்பகோணத்துல இருந்தாங்களே, அவங்க பேர் என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. உனக்கு?"

"வீட்ல எல்லாரும் 'கும்பகோணம்'னுதான் சொல்வாங்க. 'கும்பகோணத்துக்குப் பணம் போயிருக்கு', 'கும்பகோணத்துக்கு ஒடம்பு சரியில்லையாம்'." சாடியை மறுபடி தாளில் சுற்றினாள். "அந்த ரெண்டு பசங்கள்ல சின்னவனுக்கு அப்பா முகம் அப்படியே."

பஸ் வந்துவிட்டது. சாடியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஜன்னலோரம் எனக்குக் கொடுத்துவிட்டாள்.